ஜெர்மன்ல "எங்க இருக்கு?" – கட்டடத்துக்குள்ள வழி கேக்கவும் சொல்லவும் புதுசா வர்றவங்களுக்கு ஒரு கைடு

பெர்லின் வந்த ரெண்டாவது வாரம், இன்டர்நெட் கனெக்ஷன் குடுக்க டெக்னீஷியன் வரணும். காலைல 8 மணிலேர்ந்து 12 மணிக்குள்ள வருவாருன்னு லெட்டர்ல போட்டிருந்தாங்க, நானும் பல்லு வெளக்கின கையோட போனைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். பத்தரைக்கு போன் வந்துச்சு. "எங்க இருக்கீங்க"ன்னு கேட்டாரு, நான் சென்னைல படிச்ச ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் மொத்தத்தையும் திரட்டி "இம் ட்ரிட்டன் ஃப்ளூர்"னு சொன்னேன். மூணாவது ஃப்ளோர்னு சொல்றதா நெனப்பு. அவரு ரெண்டு தடவை "ஃப்ளூர்?"னு கேட்டாரு, நானும் ரெண்டு தடவை "யா யா, ஃப்ளூர்"னேன். அப்புறம் கட் ஆயிடுச்சு. ஆளு வரல. அடுத்த அப்பாயின்ட்மென்ட் 19 நாள் கழிச்சு.

சாயங்காலம் எங்க தெருவுல இருக்கற ஒரு ஈழத்து அக்காகிட்ட பொலம்பினேன், இங்க முப்பது வருஷத்துக்கு மேல இருக்காங்க. சிரிச்சிட்டு சொன்னாங்க, "தங்கச்சி, ஃப்ளூர் எண்டா மாடி இல்லை, உள்ளுக்குள்ள நடக்கிற பாதை. நீங்கள் ஷ்டொக் எண்டு சொல்லியிருக்கோணும்." அதாவது நான் அந்த மனுஷன்கிட்ட மூணாவது வராண்டால நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். அதுவுமில்லாம எங்க வீடு பின் கட்டடத்துல, அதைச் சொல்லவே இல்ல. முன் கட்டடத்துல தேடிட்டு போயிருப்பாரு.

இந்தக் கூத்துக்கு அப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து கத்துக்கிட்டேன். அதைத்தான் வரிசையா கீழ போடறேன். ஜெர்மன் வார்த்தைகளை காதுல விழற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், உச்சரிப்பு ஆப்ல ஒரு தடவை கேட்டுக்கங்க.

1. முதல்ல உங்க வீடு எங்க இருக்குன்னு நீங்க தெரிஞ்சுக்கங்க

சிரிக்காதீங்க, நெஜமாவே சொல்றேன். நம்ம ஊர்ல ஃபிளாட் நம்பர் 4பின்னு கதவுல ஒட்டியிருக்கும், அதைச் சொன்னா வேலை முடிஞ்சது. இங்க நெறைய கட்டடத்துல வீட்டுக்கு நம்பரே கிடையாது. தெரு பேரு, கட்டட நம்பர், அதுக்கப்புறம் காலிங் பெல்லுல உங்க பேரு, அவ்ளோதான். அதனால எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி, எந்தப் பக்கம்னு வாயால சொல்லத் தெரியணும், வேற வழி இல்ல.

இதை எங்க பாக்கறது? உங்க வாடகை ஒப்பந்தம், "மீட்ஃபெர்ட்ராக்". முதல் பக்கத்துலயே பெரும்பாலும் இருக்கும், "3. ஓபர்கெஷோஸ் லிங்க்ஸ்" மாதிரி, அதாவது மூணாவது மாடி இடது. பெர்லின் மாதிரி பழைய கட்டடம் இருக்கற ஊர்னா அதோட இன்னொரு வார்த்தையும் இருக்கும்:

ஃபோர்டர்ஹவுஸ்னா தெருவைப் பாத்த முன் கட்டடம். ஹின்டர்ஹவுஸ்னா முற்றத்தைத் தாண்டி பின்னாடி இருக்கற கட்டடம். ஸைட்டன்ஃப்ளூகல்னா ரெண்டையும் சேக்கற பக்கவாட்டுக் கட்டடம். க்வேர்கெபொய்டென்னு போட்டிருந்தா குறுக்கால நிக்கற கட்டடம், கிட்டத்தட்ட ஹின்டர்ஹவுஸ் தான். கார்ட்டன்ஹவுஸ்னு எழுதியிருந்தா தோட்ட வீடுன்னு கனவு காணாதீங்க, அதுவும் பின் கட்டடம்தான், பேரு மட்டும் கௌரவமா இருக்கும். நடுவுல இருக்கற முற்றம் "ஹோஃப்". பெரிய குடியிருப்புன்னா "அவுஃப்காங்"னு ஒண்ணு வரும், எந்தப் படிக்கட்டு வழியா ஏறணுங்கறது, அவுஃப்காங் ஆ, அவுஃப்காங் பேன்னு. விளம்பரத்துல ஹின்டர்ஹவுஸை ரெண்டு எழுத்துல சுருக்குவாங்க, அதை ஜெர்மன் எழுத்துப் பேர்ல படிச்சா "ஹா ஹா"ன்னு வரும். அங்க குடியிருக்கறவங்களுக்கு சிரிப்பு வராது.

இப்ப இடது வலது. இதுல எல்லாரும் மாட்டுவாங்க. தெருவுல நின்னு கட்டடத்தைப் பாத்து இடதுன்னு சொல்லக் கூடாது. வழக்கமா படிக்கட்டு ஏறி வந்து அந்த மாடில நின்னா எந்தக் கை பக்கம் கதவு இருக்கோ அதுதான் கணக்கு. ஒரே மாடில மூணு வீடுன்னா நடுவுல இருக்கறது "மிட்டெ". ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதையே எல்லா எடத்துலயும் சொல்லுங்க, நீங்களா மாத்தாதீங்க.

முகவரியோட சேந்த ரெண்டு வேலை உங்களுக்கு உடனே இருக்கு. ஒண்ணு அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணணும்னு சட்டம், தாமதிச்சா 1000 யூரோ வரைக்கும் அபராதம் போட எடம் இருக்கு. பெர்லின்ல பதிவுக்கு காசு இல்ல. பாஸ்போர்ட், பூர்த்தி பண்ண ஃபார்ம், அப்புறம் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்", இந்த மூணும் வேணும். குடும்பமா வந்திருந்தா கல்யாண சர்டிஃபிகேட், குழந்தைங்க பர்த் சர்டிஃபிகேட்டும் கையோட வச்சுக்கங்க. அந்தப் பேர் வாய்ல நுழையலன்னா பரவால்ல, வீட்டுக்காரர்கிட்ட "அன்மெல்டுங்குக்கு பேப்பர்"னு சொன்னா புரிஞ்சுப்பாங்க. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துட்டுப் போனா செல்லாது, அது வேற இது வேற.

ரெண்டாவது, லெட்டர் பெட்டி. "ப்ரீஃப்காஸ்டன்". இங்க தபால்காரர் பேரைப் பாத்துதான் போடுவாரு, மாடியைப் பாத்து இல்ல. உங்க பேரு பெட்டில இல்லன்னா லெட்டர் திரும்பிப் போயிடும். பதிவு பண்ண அப்புறம் வரி நம்பர் தபால்லதான் வரும், பேங்க் கார்டும் தபால்லதான், அதனால சாவி வாங்கின அன்னிக்கே ஒரு துண்டு பேப்பர்ல பேரை எழுதி டேப் போட்டு ஒட்டிடுங்க. அழகான பித்தளை பேர்ப் பலகை பின்னால வரட்டும்.

2. மாடியை எண்றது

இதுல நமக்கு ஒரு நல்ல சேதி. நம்ம ஊர்ல கிரவுண்ட் ஃப்ளோர், அப்புறம் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு எண்றோமே, அதே கணக்குதான் ஜெர்மன்லயும். தரைத்தளம் "எர்ட்கெஷோஸ்". அதுக்கு மேல ஒரு மாடி ஏறினா "எர்ஸ்டர் ஷ்டொக்". அமெரிக்கால இருந்துட்டு இங்க வர்றவங்கதான் ஒரு மாடி கம்மியா ஏறிட்டு அடுத்தவங்க கதவைத் தட்டுவாங்க.

மாடிக்கு மூணு வார்த்தை ஓடும். ஷ்டொக், எட்டாஜெ, ஓபர்கெஷோஸ். பேசறப்ப ஷ்டொக்கும் எட்டாஜெயும், பேப்பர்லயும் போர்டுலயும் ஓபர்கெஷோஸ். எல்லாம் ஒண்ணுதான். கீழ போனா உன்டர்கெஷோஸ், வீட்டுல சொல்றப்ப கெல்லர், அதாவது பேஸ்மென்ட். உச்சில கூரைக்குக் கீழ இருக்கறது டாஹ்கெஷோஸ், வெயில் காலத்துல அடுப்பு.

பழைய கட்டடத்துல "ஹோஹ்பார்ட்டெர்"னு ஒண்ணு இருக்கும், வாசல்லேர்ந்து அஞ்சாறு படி ஏறினா வர்றது. அது முதல் மாடி இல்ல, தரைத்தளம்தான் கொஞ்சம் ஒசந்து நிக்குது. அதுக்கு மேல இருக்கறதுதான் முதல் மாடி. நான் மொத நாள் அதையும் ஒரு மாடியா எண்ணி, ரெண்டாவது மாடிலயே நின்னு சாவியைத் திருகு திருகுன்னு திருகினேன், உள்ளேர்ந்து ஒரு நாய் குரைச்சுது.

வயசானவங்க "ட்ரை ட்ரெப்பன்"னு சொல்லுவாங்க. நேரா மொழிபெயர்த்தா மூணு படிக்கட்டு, அர்த்தம் மூணாவது மாடி. மூணே படிதானேன்னு சூட்கேஸைத் தூக்கிடாதீங்க. "ஐனெ ஹால்பெ ட்ரெப்பெ"ன்னா அரை மாடி, அதாவது படி திரும்பற எடம் வரைக்கும்.

லிஃப்ட் பட்டன்ல தரைத்தளத்துக்கு பூஜ்யம் போட்டிருப்பாங்க, இல்ல எர்ட்கெஷோஸோட முதல் எழுத்து இருக்கும். லிஃப்டுக்கு "அவுஃப்ட்சூக்"னும் சொல்லுவாங்க, "ஃபார்ஷ்டூல்"னும் சொல்லுவாங்க, "லிஃப்ட்"டுன்னாலும் புரியும். உள்ள இருக்கறவங்க எந்த மாடின்னு கேட்டா "இன் டேன் ஃபியர்ட்டன், பிட்டெ"ன்னா நாலாவதுக்குன்னு அர்த்தம். உள்ள நுழையறப்ப ஒரு ஹலோ, எறங்கறப்ப ஒரு ச்யூஸ், தெரியாத ஆளா இருந்தாலும் சொல்லிடுங்க, இங்க அது பழக்கம்.

3. ஃப்ளூர், காங், ஹோஃப் – உள்ள இருக்கற பாகங்கள்

மறுபடியும் சொல்றேன், ஃப்ளூர்னா மாடி கிடையாது. ரூமுக்கெல்லாம் வாசல் இருக்கற அந்த நீள நடை, அதுதான் ஃப்ளூர். ஆபீஸ், ஆஸ்பத்திரில "காங்"னும் சொல்லுவாங்க. சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு ஷெல்ஃபுக்கு நடுவுல போற வழியும் காங் தான்.

இது போக ட்ரெப்பெ படிக்கட்டு, ட்ரெப்பன்ஹவுஸ் படிக்கட்டு இருக்கற எடம், ஐன்காங் நுழையற வழி, அவுஸ்காங் வெளிய போற வழி, நோட்அவுஸ்காங் அவசர வழி. அவசர வழி கதவை சும்மா தொறந்து பாக்காதீங்க, சில எடத்துல அலாரம் அடிச்சு மொத்தக் கட்டடமும் உங்களையே பாக்கும். கதவுல "ட்ரூக்கன்"னா தள்ளு, "ட்ஸீயன்"னா இழு. நான் இன்னும் தப்பாதான் பண்றேன்.

டாய்லெட் கதவுல ஒத்தை எழுத்துதான் இருக்கும் சில எடத்துல. டாமன்னா பெண்கள், ஹெர்ரன்னா ஆண்கள். ஹெர்ரன்ல இங்கிலீஷ் "ஹெர்" ஒளிஞ்சிருக்கறதால பெண்கள்னு நெனச்சு உள்ள போனவங்க கதை ரெண்டு எனக்குத் தெரியும். ஒண்ணு நான்.

4. "ல" வா "க்கு" வா – இங்கதான் தமிழ் கை குடுக்கும்

இந்தப் பகுதிக்காகத்தான் இதையே எழுதறேன். ஜெர்மன்ல அதே "இன்"ங்கற வார்த்தைக்கு அப்புறம் சில நேரம் "டேம்" வரும், சில நேரம் "டேன்" வரும். புக்குல டாட்டிஃப், அக்குஸாட்டிஃப்னு பத்து பக்கம் போடுவாங்க. இங்கிலீஷ் வழியா படிச்சா தலை சுத்தும். தமிழ்ல யோசிச்சுப் பாருங்க:

மூணாவது மாடில இருக்கேன் – இம் ட்ரிட்டன் ஷ்டொக். ("இன் டேம்" ரெண்டும் ஒட்டிக்கிட்டா "இம்".)
மூணாவது மாடிக்குப் போறேன் – இன் டேன் ட்ரிட்டன் ஷ்டொக்.

"ல" வந்தா டாட்டிஃப், "க்கு" வந்தா அக்குஸாட்டிஃப். நம்ம வாய்ல பொறந்ததுலேர்ந்து இருக்கற வித்தியாசம்தான் இது, யாரும் மாடிக்கு இருக்கேன்னு சொல்றதில்லையே. மனப்பாடம் பண்ண வேண்டியது மூணு ஜோடி மட்டும்:

ஷ்டொக் ஆண்பால்: இம் ஷ்டொக், இன் டேன் ஷ்டொக்.
எட்டாஜெ பெண்பால்: இன் டேர் எட்டாஜெ, இன் டீ எட்டாஜெ.
ட்ஸிம்மர், அதாவது ரூம், அஃறிணை மாதிரி: இம் ட்ஸிம்மர், இன்ஸ் ட்ஸிம்மர்.

மத்ததெல்லாம் இந்த மூணுல ஒண்ணு மாதிரிதான் போகும். கெல்லர் ஷ்டொக் மாதிரி, க்யூஹெ அதாவது கிச்சன் எட்டாஜெ மாதிரி, பாட் அதாவது பாத்ரூம் ட்ஸிம்மர் மாதிரி.

ஆனா ஒரு எடத்துல தமிழே நம்மளைக் கவுத்திடும், உஷார். "பை மேசைல இருக்கு", "பையை மேசைல வை". ரெண்டுலயும் நமக்கு "ல" தான். ஜெர்மன்ல முதல்ல இருக்கறது "அவுஃப் டேம் டிஷ்", ரெண்டாவது "அவுஃப் டேன் டிஷ்". வை, போடு, மாட்டு, சொருகு, இந்த மாதிரி வார்த்தை வந்தா பொருள் ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குப் போகுது, அதனால தமிழ்ல "ல"ன்னு வந்தாலும் மனசுக்குள்ள "க்கு"ன்னு மாத்திக்கங்க. நான் கொஞ்ச நாள் "மேசைக்குக் கொண்டு போய் வை"ன்னு மனசுல சொல்லிட்டுதான் பேசினேன். மெதுவாதான் வந்துச்சு, ஆனா தப்பு வரல.

இன்னொண்ணு, கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டின்னு சொல்ல "டுர்ஹ்"னு ஒரு வார்த்தை. அதுக்கு அப்புறம் எப்பவும் அக்குஸாட்டிஃப் தான், யோசிக்கவே வேணாம். "டுர்ஹ் டேன் ஹோஃப்", முற்றம் வழியா. மூலை திரும்பின்னா "உம் டீ எக்கெ". லிஃப்ட் வரைக்கும், லிஃப்டை நோக்கின்னா "ட்ஸும் அவுஃப்ட்சூக்", படிக்கட்டுக்குன்னா "ட்ஸூர் ட்ரெப்பெ", இதுல நமக்கு "க்கு"ன்னு வந்தாலும் ஜெர்மன்ல டாட்டிஃப், இது மட்டும் அடங்காது, அப்படியே முழுங்கிடுங்க.

5. ஒரே "மேல"க்கு மூணு வார்த்தை

தமிழ்ல எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லிடுவோம். ஃப்ரிட்ஜ் மேல சாவி, ஸ்டவ் மேல சிம்னி, மேல வீட்டுக்காரங்க. ஜெர்மன்ல மூணும் வேற.

தொட்டுட்டு மேல உக்காந்திருந்தா அவுஃப். சாவி ஃப்ரிட்ஜ் மேல, தொட்டுட்டிருக்கு. தொடாம ஒசரத்துல இருந்தா யூபர். சிம்னி ஸ்டவ்வுக்கு மேல, நடுவுல காத்து இருக்கு. எதுக்கு மேலன்னு சொல்லாம சும்மா மேலன்னா ஓபன். மேல போன்னா "நாஹ் ஓபன்", பேச்சுல "ஹோஹ்"னும் சொல்லுவாங்க, "டீ ட்ரெப்பெ ஹோஹ்" படியேறி மேல. எறங்கறதுக்கு "ருன்டர்".

அதே மாதிரி "ல"க்கும் மூணு இருக்கு. பெட்டிக்குள்ளன்னா இன். மேசைலன்னா அவுஃப். சுவத்துல, கதவுல, ஜன்னலோரத்துலன்னா அன், அதாவது ஒட்டினாப்புல செங்குத்தா. சுவத்துல மாட்டின காலண்டரை "அவுஃப்"னு சொன்னா புரிஞ்சுப்பாங்க, ஆனா மூஞ்சில ஒரு சிரிப்பு வரும்.

பக்கத்துல நேபன், நடுவுல ட்ஸ்விஷன், பின்னாடி ஹின்டர், முன்னாடி ஃபோர், எதிர்ல கேகன்யூபர். கடைசியா ஒண்ணு சொல்லணும், நாம "லிஃப்டுக்குப் பக்கத்துல"ன்னு பொருளை முன்னாடி சொல்லுவோம், அவங்க "நேபன் டேம் அவுஃப்ட்சூக்"னு எடத்தை முன்னாடி சொல்லுவாங்க. யாராவது வேகமா பேசறப்ப முதல்ல வர்ற சின்ன வார்த்தைல காதை வையுங்க, அது போச்சுன்னா மொத்தமும் போச்சு.

இருக்குன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு வார்த்தை பத்தாது. பாட்டில் "நிக்கும்", பேப்பர் "படுத்திருக்கும்", சட்டை "தொங்கும்". தட்டு கூட நிக்குமாம், எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்க முடியல. தெரியலன்னா "இஸ்ட்"னு போட்டுடுங்க, இருக்கு, அவ்ளோதான், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா "ஷ்டேட்"டை மட்டும் கத்துக்கங்க, அது நிக்குதுன்னும் அர்த்தம், எழுதியிருக்குன்னும் அர்த்தம். "பெல்லுல இந்தப் பேரு எழுதியிருக்கு"ன்னு சொல்ல "அன் டேர் க்ளிங்கல் ஷ்டேட்"னு ஆரம்பிச்சு பேரைச் சொல்லணும். தினமும் தேவைப்படற வாக்கியம் இது.

6. வழி கேக்கறது, அதைவிட முக்கியம் திருப்பிச் சொல்றது

அரசு ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல ரூம் நம்பர் இருக்கும். ரூம் 214ன்னா நெறைய கட்டடத்துல முதல் எண்தான் மாடி, ரெண்டாவது மாடி 14வது ரூம். பூஜ்யத்துல ஆரம்பிச்சா தரைத்தளம். வாசல்லயே பெரிய போர்டு இருக்கும், மொதல்ல அதைப் படிங்க. ஏ1க்கு அடுத்த நிலையான ஏ2 பரீட்சை எழுதப் போறவங்களுக்கு, ஜெர்மன் பரீட்சை நடத்தற கதெ இன்ஸ்டிட்யூட்டோட ஏ2 ரீடிங்ல கடை மாடி போர்டைக் குடுத்து இதுக்கு எந்த மாடிக்குப் போவீங்கன்னு ஒரு பகுதியே வரும், அதனால இது மார்க்குக்கும் உதவும்.

ரிசப்ஷன்ல கேக்க: "என்ட்ஷூல்டிகுங், வோ ஃபின்டெ இஹ் ட்ஸிம்மர்"னு ஆரம்பிச்சு நம்பர், அதாவது மன்னிக்கணும், இந்த ரூம் எங்க இருக்கு. அவங்க பதில் இப்படி வரும், உதாரணத்துக்கு: அவுஃப்ட்சூக் இன் டேன் ட்ஸ்வைட்டன், டான் லிங்க்ஸ், டேன் காங் கான்ஸ் டுர்ஹ், லெட்ஸ்ட்டெ ட்யூர் ரெஹ்ட்ஸ். லிஃப்ட்ல ரெண்டாவதுக்கு, அப்புறம் இடது, நடையோட கடைசி வரைக்கும், கடைசிக் கதவு வலது.

மொத தடவை இதைக் கேட்டு நான் பண்ணது தலையாட்டி "டாங்கெ"ன்னு சொல்லிட்டு ஓடினது. நம்ம தலையாட்டல் வேற இங்க யாருக்கும் புரியாது, ஆமாவா இல்லையான்னு. அதைப் பண்ணாதீங்க. புரிஞ்சதை கேள்வி மாதிரி திருப்பிச் சொல்லுங்க: "ஆல்ஸோ ட்ஸ்வைட்டர் ஷ்டொக், டான் லிங்க்ஸ்?" சரின்னா "கெனாவ்"னு வரும். தப்புன்னா அவங்களே திருத்துவாங்க. ஒண்ணுமே புரியலன்னா "நொஹ் மால் பிட்டெ, லாங்ஸாம்", இன்னொரு தடவை மெதுவா. அதுவும் ஆகலன்னா "க்யொனன் ஸீ மிர் டாஸ் ட்ஸைகன்", காட்ட முடியுமா. இதைக் கேட்டு எழுந்து வந்து காட்டாதவங்களை நான் இன்னும் பாக்கல.

லிங்க்ஸ், ரெஹ்ட்ஸ் குழம்பறவங்க ஒரு வழி வச்சுக்கங்க. நான் சாப்பிடற கை ரெஹ்ட்ஸ்னு வச்சுக்கிட்டேன், இன்னிக்கும் பதட்டமானா விரல் தானா சோறு பிசையற மாதிரி அசையும்.

நேரம் விஷயம்: புது ஆபீஸுக்குப் போறப்ப கட்டடத்துக்குள்ள தேடறதுக்கு மட்டும் 15 நிமிஷம் ஒதுக்குங்க. கட்டட வாசலுக்கு சரியான நேரத்துக்கு வர்றது வேற, ரூம் வாசலுக்கு வர்றது வேற. என் ரெண்டாவது அப்பாயின்ட்மென்ட்ல வாசலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன், ரூமை கண்டுபிடிக்கறதுக்குள்ள பன்னண்டு நிமிஷம் ஓடிப் போச்சு, வேற தேதி வாங்கிட்டுத் திரும்பினேன்.

7. வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டுங்க

ஒரு அட்டைல நாலு வரி எழுதி, கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. போன்ல பேசறப்ப அதைப் பாத்து படிச்சா போதும். என்னோடது இப்படி இருக்கு, உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க:

தெரு பேரு, கட்டட நம்பர்.
டுர்ஹ் டேன் ஹோஃப், ஹின்டர்ஹவுஸ்.
ட்ரிட்டர் ஷ்டொக், லிங்க்ஸ். கைன் அவுஃப்ட்சூக். (லிஃப்ட் இல்லன்னு அர்த்தம், சாமான் தூக்கிட்டு வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடறது மரியாதை.)
அன் டேர் க்ளிங்கல் ஷ்டேட், அப்புறம் பேரு.

பேரு விஷயத்துல ஒரு பொறி இருக்கு. நம்ம பேரு நீளம், அப்பா பேரு இனிஷியல், கணவர் பேரு வேற. பெல்லுல ஒண்ணு, போன்ல இன்னொண்ணு, பார்சல்ல மூணாவதுன்னு இருந்தா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பெல், லெட்டர் பெட்டி, பார்சல் ஆர்டர் மூணுலயும் ஒரே எழுத்துல ஒரே பேரு வையுங்க. வீட்டுல ரெண்டு பேருக்கும் வேற வேற பேருன்னா ரெண்டையும் போடுங்க.

ஆம்புலன்ஸுக்கும் இதே அட்டைதான். 112, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும், காசு கிடையாது. போலீஸ் 110. அவசரத்துல வாய் குழறும், ஜெர்மன் மொத்தமும் மறந்து போகும். மொதல்ல எங்கன்னு சொல்லுங்க, அப்புறம்தான் என்ன ஆச்சுன்னு. ஹின்டர்ஹவுஸை விட்டுட்டா முன் கட்டடத்துல ஏறி எறங்குவாங்க. அவங்க கேள்வி கேட்டு முடிக்கற வரைக்கும் நீங்க போனை வைக்காதீங்க. ஒருத்தரை வாசலுக்கு அனுப்பி கதவைத் தொறந்து வைக்கச் சொல்லுங்க, ராத்திரில தெருக் கதவு பூட்டியிருக்கும்.

கரண்ட் கனெக்ஷன் எடுக்கறப்ப மீட்டர் எங்கன்னு கேப்பாங்க. "ட்ஸேலர்"னா மீட்டர். "டேர் ட்ஸேலர் இஸ்ட் இம் கெல்லர்", மீட்டர் பேஸ்மென்ட்ல இருக்கு, இல்லன்னா "இம் ஃப்ளூர்", நடைல. சாவி வாங்கற அன்னிக்கே வீட்டுக்காரர்கிட்ட "வோ இஸ்ட் டேர் ட்ஸேலர்"னு கேட்டு, நம்பரும் ரீடிங்கும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. கெல்லர் கதவுக்கு சில கட்டடத்துல தனி சாவி, அதையும் அன்னிக்கே கேட்டு வாங்குங்க, அப்புறம் ஆளைப் பிடிக்கறது கஷ்டம்.

8. பார்சல் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா

நீங்க இல்லாதப்ப பார்சலை அக்கம் பக்கத்துல குடுத்துட்டு பெட்டில ஒரு சீட்டு போட்டுட்டுப் போவாங்க. அதுல கோழிக் கிறுக்கல்ல ஒரு பேரும், ரெண்டு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண்ணுக்கு அப்புறம் ஓபர்கெஷோஸோட சுருக்கம்னா அந்த மாடி, தனியா எர்ட்கெஷோஸ் சுருக்கம்னா தரைத்தளம். பேரை பெல் பலகைல தேடுங்க. நெறைய கட்டடத்துல பெல் பலகையோட வரிசையும் கட்டடத்தோட வரிசையும் ஒண்ணாத்தான் இருக்கும், கீழ் வரி தரைத்தளம், மேல் வரி மேல் மாடி, இடது வரிசை இடது வீடு. இதைத் தெரிஞ்ச அப்புறம் பலகையே ஒரு வரைபடம் மாதிரி ஆயிடுச்சு எனக்கு. ராத்திரி பத்துக்கு மேல மட்டும் போய் பெல் அடிக்காதீங்க.

9. எவ்ளோ நாள், எவ்ளோ காசு

காசு ஒண்ணும் பெருசா இல்ல. ஒட்டற பேப்பர் கட்டு ஒண்ணு வாங்கினேன். வீடு முழுக்க ஒட்டினேன், ஃப்ரிட்ஜ் மேல "அவுஃப்", சிங்க் கீழ "உன்டர்", கண்ணாடில "அன்". ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலென்னு ஊருக்கு ஊர் இருக்கற மக்கள் கல்வி நிலையங்களோட சங்கம் இன்டர்நெட்ல இலவச ஜெர்மன் பயிற்சித் தளம் ஒண்ணு வச்சிருக்கு, அதுல ஏ1லேர்ந்து இருக்கு, நான் அதுல இந்தப் பாடத்தை மட்டும் மூணு தடவை பண்ணேன். தினமும் இருபது நிமிஷம்னு மூணு வாரத்துல போன்ல பயமில்லாம வழி சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. இலக்கணம் முழுசா சரியா இருக்கணும்னு காத்திருக்காதீங்க, டேம் டேன் மாறினா கூட டெக்னீஷியன் வந்துடுவாரு, ஷ்டொக்குக்கு ஃப்ளூர்னு சொன்னாத்தான் வர மாட்டாரு.

பழக்கத்துக்கு நான் பண்ணது: வீட்டுலேர்ந்து குப்பைத் தொட்டி வரைக்கும் போறப்ப முணுமுணுன்னு சொல்லிட்டே போறது. கதவு வழியா, படி எறங்கி, முற்றம் வழியா, வலது பக்கம் சைக்கிளுக்குப் பின்னாடி. கீழ் வீட்டுப் பாட்டி ஒரு நாள் ஜன்னல் வழியா கேட்டுட்டு "நைன், நைன், லிங்க்ஸ்!"னு கத்தினாங்க. குப்பைத் தொட்டியை இடது பக்கம் மாத்தி வச்சிருந்தாங்க அந்த வாரம்.

பத்தொன்பது நாள் கழிச்சு வேற ஒரு டெக்னீஷியன் போன் பண்ணாரு. அட்டையைப் பாத்துப் படிச்சேன், டுர்ஹ் டேன் ஹோஃப், ஹின்டர்ஹவுஸ், ட்ரிட்டர் ஷ்டொக், லிங்க்ஸ், கைன் அவுஃப்ட்சூக். அந்தக் கடைசி வார்த்தைக்கு மட்டும் போன்ல ஒரு பெருமூச்சு கேட்டுச்சு. நாலு நிமிஷத்துல மூச்சு வாங்கிட்டு வாசல்ல நின்னாரு.